புஸ்கஷி பாய்ஸ்: காபூல் பையன்கள் இருவரும் அவர்களிடம் இல்லாத குதிரையும்

ஒற்றைப்பனை எழுதியது:

இந்தப் படத்துக்கு இங்கே ஓர் இழை கூட இல்லை, அதனால் நானே தொடங்குகிறேன். 'புஸ்கஷி பாய்ஸ்', 2012. ஓடும் நேரம் 28 நிமிடம். மொழி தாரி. முழுக்கக் காபூலிலேயே எடுத்தது. இயக்குநர் சாம் ஃபிரெஞ்ச், அமெரிக்கர். 2013 ஆஸ்கரில் குறும்படப் பிரிவின் கடைசி ஐந்தில் ஒன்றாக நின்றது. பரிசு 'கர்ஃப்யூ' என்ற நியூயார்க் கதைக்குப் போய்விட்டது.

கதை சின்னது. ரஃபி கொல்லன் மகன். அஹ்மத் தெருவில் வளரும் பையன், கேட்க நாதி இல்லாதவன். தகர டப்பாவில் கனலைப் போட்டுப் புகை காட்டி, கிடைக்கும் சில்லறையில் பிழைக்கிறான். இருவரும் புஸ்கஷி ஆட்டம் பார்க்கிறார்கள். தலையில்லாத ஆட்டின் உடலைக் குதிரை மேலிருந்தபடியே குனிந்து அள்ளி, பறிக்க வருகிறவர்களை எல்லாம் உதறிவிட்டு ஓடி, ஒரு வட்டத்துக்குள் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகு அஹ்மதுக்கு வேறு நினைப்பே இல்லை.

நட்பைப் பற்றிய படம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என்னை உட்கார வைத்தது அந்த நட்புக்குள் இருக்கும் மேடு பள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஏழைகள். கிட்டே போனால் ஒருவனுக்கு அப்பா இருக்கிறார், உலை இருக்கிறது, ராத்திரி படுக்க ஓர் இடம் இருக்கிறது. மற்றவனுக்கு அந்த டப்பாதான். ஒன்றுமே இல்லாதவன் 'நான் குதிரைக்காரன் ஆவேன்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறான். கொஞ்சம் இருப்பவனுக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டு வர வேண்டும். ஏழைப் பையன்கள் படம் என்றால் இருவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுவார்கள். இதில் அப்படிச் செய்யவில்லை.

தயவுசெய்து முடிவைச் சொல்லாமல் பேசுங்கள். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

சுருள்ஃபிலிம் எழுதியது:

பார்த்திருக்கிறேன். ஒளிப்பதிவு அபாரம், அதில் சண்டை இல்லை. அந்த அழகுதான் எனக்கு இடிக்கிறது. பனி, சேறு, உலைப்புகை, இடிந்த தாருல் அமான் அரண்மனை, மேலேயிருந்து நகரம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் மாதக் காலண்டருக்குப் படம் தயார். வறுமை இவ்வளவு நன்றாக ஒளியமைப்பு செய்யப்பட்டு வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்று, காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதி, காபூலிலிருந்த அவர்கள் தூதரகம் வழியாக வந்தது. அந்த நாட்டில் படை வைத்திருந்தவர்களே கொடுத்த பணம். படத்தில் ஒரு சிப்பாய்க்கும் வேலை இல்லை, சண்டை எங்கே நடக்கிறது என்ற பேச்சில்லை. அரண்மனையை யார் இடித்தார்கள் என்ற கேள்வியும் இல்லை. இரண்டு பையன்கள், ஒரு கனவு. தூதரகத்துக்கு இதைவிடச் சௌகரியமான படம் வேண்டுமா?

ஒற்றைப்பனை எழுதியது:

நிதி விஷயம் உண்மைதான், அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தின் நோக்கத்தில் பாதி பயிற்சி. ஆப்கன் ஃபிலிம் ப்ராஜெக்ட் என்று லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பை வைத்து, உள்ளூர் இளைஞர்களைப் படப்பிடிப்பில் கூடவே நிறுத்தித் தொழில் கற்றுக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் ஏரியல் நஸ்ர் ஆப்கன் வம்சாவளிக் கனடியர். 2019-இல் அவரே 'தி ஃபர்பிடன் ரீல்' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். தாலிபான் முதல் முறை வந்தபோது, ஆப்கன் ஃபிலிம் நிறுவன ஊழியர்கள் படச்சுருள்களைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கதை அது. வந்தோம், எடுத்தோம், போனோம் என்கிற கூட்டம் இல்லை இது.

சண்டையைக் காட்டவில்லை என்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. காபூல் என்றாலே துப்பாக்கிதான் காட்ட வேண்டுமா?

சுருள்ஃபிலிம் எழுதியது:

துப்பாக்கி வேண்டாம். காரணம் வேண்டும். அஹ்மத் ஏன் தெருவில் இருக்கிறான்? படத்தில் அவன் வானத்திலிருந்து விழுந்தவன் மாதிரி இருக்கிறான்.

ஷார்ஜாபாய் எழுதியது:

தம்பிகளா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஷார்ஜாவில் லாரிப் பட்டறையில் இருந்த காலத்தில் கூட வேலை பார்த்தவர்களில் வடக்கு ஆப்கானிஸ்தான் ஆட்கள் உண்டு. குளிர்காலத்து வெள்ளிக்கிழமை வந்தால் அறையில் இதே பேச்சுதான். அதனால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அது தெரிந்தால் அந்தப் பையன் கனவின் எடை புரியும்.

பேர்தான் ஆடு. இப்போது பெரும்பாலும் கன்றுக்குட்டியின் உடல்தான், ஆட்டை இழுத்தால் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பார்கள். தலையையும் கால் நுனிகளையும் வெட்டி, குடலை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அப்போதுதான் இழுபறிக்குத் தாங்கும். ஆட்டத்தில் இரண்டு வகை. ஒன்றில் கூட்டத்திலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தாலே போதும். மற்றதில் கொடியைச் சுற்றி வந்து வட்டத்தில் போட வேண்டும். ஆடுகிறவன் சாப்பந்தாஸ். சாட்டையைப் பல்லில் கடித்துக்கொள்வான், ஏனென்றால் இரண்டு கைக்கும் வேலை இருக்கும்.

இனிதான் விஷயம். பேர்பெற்ற சாப்பந்தாஸ்களில் பலர் 40 வயதைத் தாண்டியவர்கள். அவ்வளவு காலம் பிடிக்கும் தொழில். அதைவிட முக்கியம், குதிரை அவனுடையது இல்லை. குதிரை கானுடையது, அதாவது ஊர்ப் பெரிய மனிதர். அவர் தீனி போட்டு வளர்த்துப் பழக்குகிறார், ஆள் வைத்து ஓட்டுகிறார். ஜெயித்தால் சாப்பந்தாஸுக்குப் பரிசுப் பணமும் தலைப்பாகையும் கிடைக்கும், பேர் கானுக்கு. வைட்னி அஸாய் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் 1982-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். யார் எவ்வளவு பெரிய ஆள் என்று ஊருக்குக் காட்டும் களம் என்பதுதான் அதன் சாரம்.

ஆக, அஹ்மத் ஆசைப்படுவது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. தனக்கென்று ஒரு கான் வேண்டும், அதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு குதிரையின் பக்கத்தில் நிற்க விட வேண்டும். தெருவில் புகை போடுகிற பையனை லாயத்துக்குள் யார் விடுவார்கள்?

அந்தப் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பாவில் அவன் போடுவது இஸ்பந்த் விதை. கண்ணேறு கழிப்பதற்காக. கடை வாசலிலும் சிக்னலில் நிற்கிற கார்களிலும் சுற்றிக் காட்டுவார்கள். நம் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பக்கீர்சா சாம்பிராணிச் சட்டியும் மயிலிறகும் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போவாரே, அந்தக் குடும்பம்தான். எங்கள் ராமநாதபுரம் பஜாரில் இன்றைக்கும் உண்டு. என்ன, காபூலில் அந்த வேலையைச் சின்னப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

கரிசல்_மாடன் எழுதியது:

பாய், அருமையாகச் சொன்னீர்கள். கேட்கக் கேட்க நம்ம ஜல்லிக்கட்டு ஞாபகம் வருகிறது. மாட்டுக்காரர் வேறு, பிடிக்கிறவன் வேறு, பேர் போவது வேறு யாருக்கோ.

ஷார்ஜாபாய் எழுதியது:

பாதி சரி மாடன் தம்பி. ஜல்லிக்கட்டில் ஏழைப் பையனுக்கு வேண்டியது அவன் கையும் காலும்தான். இப்போது பதிவு, மருத்துவப் பரிசோதனை, பனியன் நம்பர் எல்லாம் வந்துவிட்டது, இருந்தாலும் மாடு வாங்காமலே களத்தில் இறங்கலாம். அங்கே குதிரை இல்லாதவன் சுவர் மேல் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பையன்களைப் பற்றித்தான் இந்தப் படம்.

பட்டறைக்காரர்_மகன் எழுதியது:

நேற்று ராத்திரி இந்த இழையைப் பார்த்துவிட்டுப் படத்தைத் தேடிப் பார்த்தேன். எங்கள் அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார், திருப்பாச்சேத்திப் பக்கம். அரிவாளுக்குப் பேர்போன ஊர் என்று உங்களுக்கே தெரியும்.

ரஃபியின் அப்பாவைச் சிலர் வில்லன் என்று நினைப்பீர்கள். நான் நினைக்கவில்லை. பட்டறையில் பையனுக்கு முதல் வேலை துருத்தி. காற்று சீராகப் போக வேண்டும். கையை விட்டால் உலை தணிந்துவிடும், வேகமாகப் போட்டால் இரும்பு தீய்ந்து பூப்பூவாகப் பொரியும். அதற்கப்புறம் குறடு. அப்பா சம்மட்டி போடும்போது நாம் குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு அடிக்கு அடி திருப்ப வேண்டும். ஒரு கணம் கண் வேறு பக்கம் போனால் அடி கோணலாக விழும், குறடு உதறிக்கொண்டு கையில் ஏறும். தோய்ச்சல் போடுகிற நேரத்தில் யாரும் பேசக்கூடாது. இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் தண்ணீரில் விட வேண்டும். பட்டறைக்குள் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்பார்கள். வெளிச்சத்தில் நிறம் தெரியாது, அதனால்தான்.

கனவு காணுகிற பையனைப் பட்டறையில் வைத்திருப்பது ஆபத்து. 'எங்கடா பராக்குப் பார்க்கிறாய்' என்று அப்பா கத்துவது கையைக் காப்பாற்றத்தான். படத்தில் அந்தக் கொல்லரும் மகன் மேல் கோபப்படுகிறார், எனக்கு அது அப்படித்தான் கேட்டது. அதோடு, தொழிலைச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான் அவரால் கொடுக்க முடிந்த சொத்து. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு ஓசூருக்கு வந்துவிட்டேன். பட்டறையைத் தம்பி பார்க்கிறான், பவர் ஹாமர் போட்டிருக்கிறான்.

ஒற்றைப்பனை, உங்கள் கருத்தோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. கொஞ்சம் இருப்பவன் பயந்து நிற்கிறான் என்கிறீர்கள். ரஃபி பயந்தாங்கொள்ளி இல்லை. அவனுக்கு அப்பாவின் வயசு தெரிகிறது. நாளைக்கு அந்தச் சம்மட்டியை யார் தூக்குவது என்று தெரிகிறது. அஹ்மதுக்குப் பின்னால் யாரும் இல்லை, அதனால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒற்றைப்பனை எழுதியது:

பயம் என்ற சொல்லை நான் எழுதவில்லை தோழர், ஆனாலும் நீங்கள் சொல்வது நான் சொன்னதை விட ஒரு படி உள்ளே போகிறது. அப்பாவின் வயசு என்ற கோணத்தில் மறுபடியும் பார்க்கிறேன்.

மல்லி_டீச்சர் எழுதியது:

வணக்கம். திருப்பூர் பக்கம் பள்ளியில் இருக்கிறேன். இதுவரை யாரும் சொல்லாத ஒரு சங்கதி.

ரஃபியாக நடித்த ஃபவாத் முஹம்மதி நிஜத்தில் தெருப்பையன். காபூலில் வெளிநாட்டுக்காரர்கள் நினைவுப் பொருட்கள் வாங்க வருகிற சிக்கன் தெருவில் சூயிங்கமும் வரைபடமும் விற்றுக்கொண்டிருந்தவன். அப்பா இறந்துவிட்டார். அங்கே வைத்துத்தான் இயக்குநருக்கு அவனைத் தெரியும். அஹ்மதாக நடித்த ஜவான்மர்த் பாயிஸோ கலைக் குடும்பத்துப் பையன், சின்ன வயதிலிருந்தே நடிக்கிறவன். ஆக, நிஜத்தில் தெருவில் நின்றவன் படத்தில் அப்பாவும் வீடும் உள்ள பிள்ளை, நிஜத்தில் வீடு உள்ளவன் படத்தில் அநாதை!

இது தெரிந்தபின் ரஃபியின் முகத்தைப் பாருங்கள். அப்பா திட்டும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது வேறு மாதிரி தெரியும். திட்டுவதற்கு ஓர் அப்பா.

விருது விழாவுக்கு இரண்டு பேரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். அவர்கள் பயணத்துக்காக இணையத்தில் பணம் திரட்டினார்கள். 2013 பிப்ரவரி 24, சிவப்புக் கம்பளம், கோட்டு சூட்டு. இருவருக்கும் அப்போது 14 வயது.

சுருள்ஃபிலிம் எழுதியது:

டீச்சர், இது எனக்குப் புதுத் தகவல். நடிகர் தேர்வு என்ற வகையில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வரைபடம் விற்ற பையனைக் கம்பளத்தில் நடக்க வைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அதே தெருவுக்குக் கொண்டுவந்து விடுவது எந்த வகை அறம் என்று கேட்க மாட்டோமா? மும்பைக் குடிசைப் பிள்ளைகளை வைத்து ஆஸ்கர் வாங்கியபோதும் இதே கேள்வி வந்தது. நாமும் செய்கிறோம். தெருவில் பார்த்த பையனை நடிக்க வைத்து, விழாவில் மேடையேற்றி, அப்புறம் அவன் போன் செய்தால் எடுக்காத குறும்பட இயக்குநர்கள் சென்னையிலேயே எனக்குத் தெரியும்.

மல்லி_டீச்சர் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் சார். ஃபவாதின் படிப்புக்குப் படக்குழுவினர் உதவினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அது போதுமா என்றால் எனக்கும் பதில் இல்லை.

என் வகுப்பில் லீவு நாட்களில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போகிற பையன் ஒருவன் இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு. என்ன ஆகப்போகிறாய் என்று எல்லோரையும் கேட்டால், வேலைக்குப் போகாத பையன்கள் ராக்கெட், கிரிக்கெட் என்று அடுக்குவார்கள். இவன் 'ஓவர்லாக் டெய்லர்' என்பான். அதில் பீஸுக்கு என்ன ரேட், எத்தனை பீஸ் ஓட்டலாம் என்று கணக்கும் சொல்வான். ஒற்றைப்பனை சொன்னதைப் படித்ததும் அவன் முகம்தான் வந்தது. வகுப்பில் இந்தப் படத்தைப் போடலாமா? முடிவு கனம் என்பதால் யோசிக்கிறேன்.

கரிசல்_மாடன் எழுதியது:

தாராளமாகப் போடுங்கள் டீச்சர். கடைசியில் அந்தக் குதிரையை (இந்தப் பகுதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது)

மட்டுறுத்துநர் எழுதியது:

மாடன், முதல் பதிவைப் படித்துவிட்டு எழுதவும். முடிவைச் சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள்.

கரிசல்_மாடன் எழுதியது:

சரிங்க.

வடமராட்சியான் எழுதியது:

சுருள்ஃபிலிம் அண்ணைக்கு ஒரு விஷயம். இடிந்த அரண்மனையைக் காலண்டர் என்று சொல்லியிருந்தீர்கள். நான் வளர்ந்தது பருத்தித்துறைப் பக்கம். எங்களுக்கு விளையாட இருந்த இடங்களில் பாதி ஷெல் விழுந்த வீடுகள். கூரை இல்லாத மேல்மாடிக்கு ஏறினால் கடல் தெரியும், அதனால் ஏறுவோம். கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண், அதுதான் எங்கள் விக்கெட். அம்மாவுக்கு அது யாருடைய வீடு, அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியும், அதனால் அவ கத்துவா. எங்களுக்கு அது ஏறக்கூடிய உயரமான இடம், அவ்வளவுதான். அந்தப் பையன்கள் தாருல் அமானின் உச்சியில் போய் நின்று நகரத்தைப் பார்ப்பதும் அந்தக் கணக்குத்தான். அவர்கள் கண்ணுக்கு அது இடிபாடு இல்லை. 'யார் இடித்தது' என்று படம் கேட்டிருந்தால், கேட்டது பையன்களாக இருந்திருக்காது, எழுதினவராக இருந்திருக்கும்.

ஓம், காரணம் சொல்ல வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லாப் படமும் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஒற்றைப்பனை எழுதியது:

ஒரு சின்னத் தகவல் சேர்க்கிறேன். தாருல் அமான் 1920-களில் அமானுல்லா கான் கட்டியது. 90-களின் உள்நாட்டுப் போரில் கோஷ்டிகள் மாறி மாறிச் சுட்டதில்தான் அந்த எலும்புக்கூட்டு நிலைக்கு வந்தது. பிறகு முழுக்கப் பழுதுபார்த்து, 2019-இல் ஆப்கானிஸ்தான் விடுதலையின் நூறாண்டை ஒட்டித் திறந்தார்கள். இன்றைக்குப் போனால் பளபளவென்று இருக்கும், பையன்கள் யாரும் ஏற முடியாது. அந்த வகையில் அந்தக் காலத்துக் காபூலின் ஆவணமாகவும் இந்தப் படம் ஆகிவிட்டது, அவர்கள் நினைத்தார்களோ இல்லையோ.

சுருள்ஃபிலிம் எழுதியது:

வடமராட்சியான், ஏற்கத்தக்க பதில். உங்கள் மேல்மாடியை நீங்களே எடுத்திருந்தால் அந்தத் தூணை நடுவில் வைத்து அழகு பார்த்திருக்க மாட்டீர்கள், ஓரத்தில் எங்கோ விட்டிருப்பீர்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். வெளியாள் கேமரா எப்போதும் நடுவில் வைக்கும். அதில் நான் இறங்கி வரப் போவதில்லை.

ஆனால் பாய் சொன்ன கான் விஷயம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. அது தெரியாமல் பார்த்தபோது 'கனவைத் துரத்து' வகைப் படம் என்று ஒதுக்கிவிட்டேன். குதிரை யாருடையது என்பதை வைத்துப் பார்த்தால், அஹ்மத் செய்வது துரத்தல் இல்லை, வேலி தாண்டல். அது வேறு கதை. பாய், தாலிபான் இதைத் தடை செய்திருந்தார்களே, இப்போது என்ன நிலை?

ஷார்ஜாபாய் எழுதியது:

முதல் ஆட்சியில், அதாவது 1996-லிருந்து 2001 வரை, தடை. 2021-இல் திரும்பி வந்த பிறகு தடுக்கவில்லை. அவர்கள் ஆட்களே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்துக்கு வேண்டிய கூத்து, ஆனால் உண்மை. கான் மாறினாலும் களம் இருக்கிறது என்று என் பழைய அறைத்தோழர் சொன்னார். பையன்கள் மட்டும் அதே சுவர் மேல்தான்.

பட்டறைக்காரர்_மகன் எழுதியது:

பாய், எனக்கும் ஒரு கேள்வி. அந்தக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது யார்? ரஃபியின் அப்பா மாதிரி கொல்லர்களா? அப்படியானால் அவனுக்கு லாயத்துக்குள் போக ஒரு வழி இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் தனி ஆள், கொல்லர் இல்லை. லாடத் தகடு மட்டும் சில பட்டறையில் அடித்து வாங்கிக்கொள்வார்.

ஷார்ஜாபாய் எழுதியது:

அங்கேயும் அப்படித்தான் தம்பி. கொல்லர் ஆஹங்கர், லாடம் கட்டுகிறவர் நால்பந்த். இரண்டும் தனித் தொழில். இரும்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். ஆனால் நீங்கள் சொன்னது நல்ல யோசனை. படம் எழுதினவர்களுக்கு அது தோன்றியிருந்தால் ரஃபியின் பாதி வேறு மாதிரி போயிருக்கும்.

மல்லி_டீச்சர் எழுதியது:

முடிவு செய்துவிட்டேன், ஒன்பதாம் வகுப்புக்குப் போடுகிறேன். தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் நானே கூடவே சொல்லிக்கொண்டு போக வேண்டும். வசனம் அதிகம் இல்லாத படம், சமாளித்துவிடலாம்.

வடமராட்சியான் எழுதியது:

என்னிடம் ஆங்கிலக் கோப்பு இருக்கு அக்கா. சனி ஞாயிறில் தமிழில் போட்டு அனுப்புறன். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு விளங்காத யாழ்ப்பாணச் சொல் வந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கோ.

ஒற்றைப்பனை எழுதியது:

சப்டைட்டில் வந்ததும் இங்கேயே இணைத்துவிடுங்கள். அதே ஆண்டு ஆஸ்கர் ஐந்தில் இருந்த 'அஸாத்' பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். மீன்பிடிப்பா, கடற்கொள்ளையா என்று நிற்கும் சோமாலியச் சிறுவன் கதை, நடித்தவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்த சோமாலிய அகதிகள். சுருள்ஃபிலிம், உங்கள் வெளியாள் கேமரா வாதத்தை அங்கே கொண்டுவாருங்கள். அந்த இயக்குநரும் அமெரிக்கர்தான்.